பணிக்கேற்ற கணிப்பொறியும் அதன் உறுப்புத் தேர்வும்

வீடு கட்டப் புகுவோன் முதலில் அதன்கண் வாழப்போவோர் எத்துணையர் என்று எண்ணுகின்றான். பின்னரே கல்லுக்கும் மரத்துக்கும் விலை பேசுகின்றான். கணிப்பொறி வாங்கப் புகுவோருட் பலர் இம்முறையைத் தலைகீழாக நடத்துகின்றனர். விளம்பரத்தைக் கண்டும் நண்பர் சொல்லைக் கேட்டும் பொருளை வாங்கிய பின்னரே, அதனாற் செய்ய வேண்டிய வேலை யாதென்று ஆராயத் தலைப்படுகின்றனர். செல்வர்க்கு இப்பிழை ஒரு சிறு நட்டமாய்க் கழியும். அளவுபட்ட பொருளுடையார்க்கோ அது நெடுநாள் வருத்தமாய் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் பயின்ற முதுகலை மாணவர் ஒருவர், தம் ஆய்வேட்டின் பொருட்டுக் கணிப்பொறி வாங்க விரும்பி எம்மை யோசனை கேட்டனர். அவர்தம் தாயார் இரு வளையல்களை அடகு வைத்துத் தந்த 60,000 ரூபாயே அவர் கைமுதல். யாம் அந்நாளில், செயலி விரைவாயிருத்தல் வேண்டும் என்னும் ஒன்றையே வற்புறுத்திக் கூறினோம். பிறவற்றைப் பற்றி வாய் திறந்தோமில்லை. அவரும் விரைந்த செயலியும், தமக்குத் தேவைப்படாத படவட்டையும் வாங்கினார். எஞ்சிய சிறு தொகைக்குக் கிடைத்த, பெயரறியாத மின்வழங்கியைப் பூட்டிக்கொண்டார். ஏழாம் மாதத்தில், மழை பெய்த ஒரு மாலையில் மின்சாரம் நின்று மீண்டும் வந்தபொழுது, அம்மின்வழங்கி தான் கெட்டதோடமையாது பலகையையும் சேமிப்பகத்தையும் கெடுத்தது. மூன்று திங்கள் உழைப்பு அதனுள் இருந்தது. வேறு படி இல்லை. ஆய்வேடு ஆறு மாதம் பின்தங்கிற்று. அன்று யாம் சொல்லத் தவறியவற்றை இன்று முறையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்புக்களைத் தேரும் உரிமை வந்த வரலாறு

ஒரு கணிப்பொறியின் உறுப்புக்களைப் பல நிறுவனங்களிடமிருந்து வாங்கி ஒன்றாக்கிக் கொள்ளுதல் எவ்வாறு இயன்றது? 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் தம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டனர். அதன் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இன்டெல் 8088. மிகக் குறைந்த அமைப்பின் நினைவகம் 16 கிலோபைட். விலை 1,565 டாலர். அதனைச் செய்தோர் பிறர் செய்த உறுப்புக்களைப் பெரிதும் பயன்படுத்தியதோடு, அதன் உள்ளமைப்பைப் பற்றிய தொழில்நுட்ப விவரங்களையும் வெளியிட்டனர். எனவே பிறரும் அதற்குப் பொருந்தும் வட்டைகளைச் செய்து விற்கலாயினர்.

பின்னர் 1995-இல் இன்டெல் நிறுவனத்தார் ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுமுறையை வகுத்தனர். பலகையின் அளவு, திருகாணித் துளைகளின் இடம், மின்வழங்கியின் இணைப்பு ஆகியவை அதனால் ஒழுங்குபட்டன. ஒருவர் செய்த பலகை மற்றொருவர் செய்த பெட்டியுள் இன்று பொருந்துவது இவ்வொழுங்கின் பயனேயாம். எனினும் எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. பொருத்தம் பார்த்தலே இக்கலையிற் பாதியாகும்.

முதற்படி: வேலையை அளத்தல்

கடைத்தெருவுக்குச் செல்லுமுன் ஒரு வாரம் இருந்த இடத்திலேயே ஆராய்தல் வேண்டும். இப்பொழுது கையாளும் பொறியில், நம் வழக்கமான வேலை நடக்கும்பொழுதே, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரையோ, லினக்ஸில் சிஸ்டம் மானிட்டரையோ திறந்து நோக்குக. செயலி நிரம்பி நிற்கின்றதா? நினைவகம் நிரம்பி வழிகின்றதா? சேமிப்பகம் இடைவிடாது உழைக்கின்றதா? எது நிரம்பியதோ அதுவே நம்மைக் காக்க வைக்கும் உறுப்பு. இணையொவ்வாத இரு மாடுகளைப் பூட்டிய வண்டி மெல்லிய மாட்டின் நடையிலேயே செல்லும். மற்றொன்றின் வலி வீணாகும். கணிப்பொறியும் அத்தகையதே.

வேலையை மூவகையாகப் பகுக்கலாம். கடிதமும் கட்டுரையும் எழுதுதல், கணக்குத்தாள், இணையம், காணொலிக் கூட்டம் ஆகியன முதல் வகை. பெரிய தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்தல், நிரல் எழுதுதல், புத்தகப் பக்கம் அமைத்தல், நிழற்படந் திருத்தல் ஆகியன இரண்டாம் வகை. உயர்தரத் திரைப்படங்களைத் தொகுத்தல், முப்பரிமாண உருவம் அமைத்தல் முதலியன மூன்றாம் வகை. இக்கட்டுரை இரண்டாம் வகையினரை நோக்கியது. அவர்க்கு இடைத்தரப் பொறியே தக்கது. விரலுக்கேற்ற வீக்கமே வேண்டற்பாலது.

செயலி

இப்பொழுது விற்கும் செயலி ஒவ்வொன்றிலும் பல கருக்கள் உள. கரு மிகுந்தாற் வேகமும் அவ்வளவு மிகும் என்று பலர் கருதுகின்றனர். அஃது எவ்வளவு உண்மை என்பதை 1967-இல் ஜீன் அம்தால் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டிய நியதியால் அறியலாம். பத்து நிமிடம் பிடிக்கும் ஒரு வேலையில், ஐந்து நிமிடப் பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கது. எஞ்சிய ஐந்து நிமிடப் பகுதி பலர்க்குப் பங்கிடத்தக்கது எனக் கொள்வோம். நான்கு கருக்கள் இருப்பின் அவ்வேலை 6 நிமிடம் 15 விநாடியில் முடியும். எட்டு இருப்பின் ஏறத்தாழ 5 நிமிடம் 38 விநாடி. பதினாறு இருப்பின் ஏறத்தாழ 5 நிமிடம் 19 விநாடி. எட்டைப் பதினாறாக்கியதால் வந்த ஊதியம் 19 விநாடியே. கருக்கள் ஆயிரமாயினும் ஐந்து நிமிடத்திற்குக் கீழ் இறங்கவொண்ணாது. ஆகவே இடைத்தரப் பணிக்கு ஆறு முதல் எட்டு வரையிலான கருக்களும், ஒவ்வொரு கருவும் தனித்து நின்று விரைந்து உழைக்கும் ஆற்றலும் போதும்.

பெயரைக் கண்டு மயங்கலாகாது. 2015-இல் வந்த இன்டெல் கோர் ஐ7-6700 நான்கு கருக்களையுடையது; 2022-இல் வந்த கோர் ஐ5-12400 ஆறு கருக்களையுடையது; கருவுக்குக் கரு ஒப்பிடினும் பின்னதே விரைவுடையது. ஐ7 என்பதனால் மட்டும் ஒன்று உயர்ந்ததாகிவிடாது. அதன் தலைமுறையையும் நோக்குதல் வேண்டும்.

செயலியின் பெயரீற்றில் நிற்கும் எழுத்தையும் கவனித்தல் இன்றியமையாதது. இன்டெல் செயலியின் ஈற்றில் எஃப் என்னும் எழுத்திருப்பின், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி அதனுட் பயன்படாது என்பது பொருள். விலை சிறிது குறைவென்று அதனை வாங்கினோர், பின்னர் ஆயிரக்கணக்கிற் செலவிட்டுத் தனிப் படவட்டை வாங்க நேரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்காற் பணம் என்னும் பழமொழிக்கு இஃதோர் எடுத்துக்காட்டு. எழுத்தும் கணக்கும் நிரலும் ஆகிய பணிகட்குச் செயலியினுள் அமைந்த படப்பகுதியே போதும்.

பலகையும் பொருத்தமும்

தாய்ப்பலகை, அஃதாவது மதர்போர்டு, எல்லா உறுப்புக்களையும் இணைப்பது. செயலி அமரும் குழியின் வகை அதனதன் செயலிக்கே உரியது. இன்டெல் நிறுவனத்தார் 2021-இல் எல்.ஜி.ஏ. 1700 என்னும் குழியையும், ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2022-இல் ஏ.எம்.5 என்னும் குழியையும் கொணர்ந்தனர். ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 நினைவகத்தையே ஏற்கும். எல்.ஜி.ஏ. 1700 பலகைகளுள் டி.டி.ஆர்.4 ஏற்பன சில, டி.டி.ஆர்.5 ஏற்பன சில. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. ஆதலின் செயலி, பலகை, நினைவகம் மூன்றையும் ஒருங்கே வைத்து முடிவு செய்தல் வேண்டும்.

பலகையின் வாழ்நாளும் எண்ணத்தக்கது. 2016-இல் தோன்றிய ஏ.எம்.4 குழிக்கு 2022-லும் புதிய செயலிகள் வந்தன. அத்தகைய பலகையை வாங்கியோர் பலர், பெட்டியும் நினைவகமும் மாறாமல் செயலியை மட்டும் மாற்றிப் பயனடைந்தனர். பழைய பலகையிற் புதிய செயலியை இடுமுன் அதன் பயாஸ் என்னும் உள்நிரலைப் புதுப்பித்தல் வேண்டும் என்பதையும் மறவற்க. பக்கத்துக்கு 244 மில்லிமீட்டர் கொண்ட மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை நம் பணிக்குச் சாலும். எம்.2 இடங்கள் இரண்டும், இயன்றால் நினைவக இடங்கள் நான்கும் உள்ளதைத் தேர்க. வண்ண விளக்குக்குப் பணங் கொடுத்தல் வேண்டா.

நினைவகம்

ராம் என வழங்கும் நினைவகம் எழுது மேசையை ஒத்தது. மேசை சிறிதாயின் நூல்களை அடிக்கடி அலமாரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர நேரும். நினைவகம் நிரம்பியவுடன் கணிப்பொறியும் அவ்வாறே சேமிப்பகத்தைத் துணைக்கொண்டு தடுமாறும். இன்று 8 ஜிகாபைட் இடைத்தரப் பணிக்குப் போதாது. 16 ஜிகாபைட் வேண்டும். பெருந்தரவுகளைக் கையாள்வோர்க்கு 32 நன்று.

ஒரே பட்டையாக வாங்குவதா, இரண்டாக வாங்குவதா என்பது ஒரு வினா. டி.டி.ஆர்.5-5600 வகைப் பட்டை ஒன்று விநாடிக்கு 5,600 கோடியில் பத்திலொரு பங்கு முறை, அஃதாவது 560 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட்டாகத் தரவை அனுப்பவல்லது. அஃது ஏறத்தாழ 44.8 ஜிகாபைட். இரண்டு பட்டைகளை உரிய இடங்களில் இட்டால் வழி இரட்டித்து 89.6 ஆகும். செயலியினுள் அமைந்த படப்பகுதிக்கு இது மிக உதவும். ஆயினும் இரண்டே இடமுள்ள பலகையில், பின்னாளில் பெருக்கும் எண்ணமுடையார் இன்று 16 ஜிகாபைட் பட்டை ஒன்றை இட்டு, மற்றோரிடத்தைக் காலியாக விடுதலும் அறிவுடைமையே.

சேமிப்பகம்

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுடைய பழைய ஹார்டு டிஸ்க், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி கொள்ளும். வேண்டிய இடம் ஊசியின்கீழ் வரச் சராசரி அரைச் சுற்று, அஃதாவது 4 மில்லி விநாடிக்குச் சிறிது மேல், காத்தல் வேண்டும். ஊசி நகரும் காலம் அதனின் வேறு. எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்திற் சுழல்வது ஒன்றுமின்மையால் அக்காத்தல் இல்லை. பழைய பொறி ஒன்றைப் புதிதுபோலாக்க இதனினும் சிறந்த மருந்து பிறிதில்லை.

எஸ்.எஸ்.டி.யுள்ளும் வகை உண்டு. சாட்டா வழியிற் செல்வது விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் படிக்கும், பி.சி.ஐ.இ. மூன்றாந் தலைமுறை வழியிற் செல்லும் என்.வி.எம்.இ. வகை ஏறத்தாழ 3,500. நான்காந் தலைமுறை 7,000 வரை. எண்ணிற் காணும் இவ்வேற்றுமை நாள்தோறும் செய்யும் வேலையில் அவ்வளவு தோன்றாது. தட்டிலிருந்து சாட்டாவுக்கு மாறுதல் மலையேறுதல் போன்றது, அங்கிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறுதல் ஒரு படி ஏறுதல் போன்றது. ஆயின் விலை ஒத்திருப்பின் பின்னதையே கொள்க. எம்.2 என்பது வடிவின் பெயரேயன்றி வேகத்தின் பெயரன்று. அவ்வடிவில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. பலகையின் இடம் எதனை ஏற்கும் என்று பார்த்தே வாங்குதல் வேண்டும்.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேயும் என்று அஞ்சுவோர் உளர். 1 டெராபைட் அளவுடைய பலவற்றுக்கு 600 டெராபைட் எழுதும் வரை, அல்லது ஐந்தாண்டு வரை, செய்தோர் உறுதி தருகின்றனர். 600 டெராபைட்டை ஐந்தாண்டுக்குப் பங்கிடின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 328 ஜிகாபைட் ஆகும். கட்டுரை எழுதுவோன் நாளொன்றுக்கு அதில் ஒரு சிறு பங்கும் எழுதுவதில்லை. ஆதலின் தேய்மானத்தை அஞ்சற்க. திடீர்க் கேட்டையே அஞ்சுக. அதற்கு மருந்து படியெடுத்து வைத்தல் ஒன்றே. ஒரு படி புறச் சேமிப்பகத்திலும், மற்றொரு படி வீட்டின் வேறாகிய ஓரிடத்திலும் இருத்தல் வேண்டும்.

மின்வழங்கி

கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என வழங்கும் மின்வழங்கியே பெரும்பாலாரால் புறக்கணிக்கப்படும் உறுப்பு. ஏனைய உறுப்புக்கள் கெடின் அவை மட்டுமே கெடும்; இது கெடின் பிறவற்றையுங் கெடுக்கவல்லது. 65 வாட் எனக் குறித்த செயலி உழைப்பின் உச்சத்தில் 90 வாட் அளவு கொள்ளக்கூடும். பலகை, நினைவகம், சேமிப்பகம், விசிறி ஆகியவற்றுக்கு 50 வாட் என வைப்பினும் மொத்தம் 140 ஆகும். ஆகவே நல்ல பெயருடையார் செய்த 400 அல்லது 450 வாட் மின்வழங்கி தாராளமாகப் போதும். மேலுறையில் 750 என்று அச்சிட்ட, எடை குறைந்த மலிவுப் பெட்டியினும் இதுவே மேல்.

2004-இல் தொடங்கிய 80 பிளஸ் என்னும் சான்று, 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் நூற்றுக்கு எண்பதேனும் பயன்படுகின்றதா என்று சோதித்து வழங்கப்படுவது. பொறிக்கு வேண்டுவது 100 வாட் எனின், 80 விழுக்காட்டு மின்வழங்கி சுவரிலிருந்து 125 வாட் இழுக்கும்; 90 விழுக்காட்டுடையது 111 வாட் இழுக்கும். நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிடின், ஏறத்தாழ 33 யூனிட் மின்சாரம் மிச்சம். அது சிறிதே. எனவே மிக உயர்ந்த சான்றுக்காக மிகுதியாகச் செலவிடல் வேண்டா. மிகை மின்னழுத்தம், குறுக்குச் சுற்று ஆகியவற்றிலிருந்து காக்கும் அமைப்பு உண்டா என்பதையே முதலில் நோக்குக.

மின்தடை நேரும் ஊர்களில் யு.பி.எஸ். ஆடம்பரமன்று. 600 வி.ஏ. என்பது 600 வாட் அன்று; அவற்றுட் பல 360 வாட்டே தாங்குவன. நம் பொறிக்கும் திரைக்கும் அது போதும். சுவரிலுள்ள எர்த் இணைப்பு உண்மையில் மண்ணோடு சேர்ந்துள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதித்தலும் கடமையாம்.

திரை

கணிப்பொறியின் உறுப்புக்களுள் நம் உடம்போடு நேரே உறவாடுவன திரையும் விசைப்பலகையுமே. 24 அங்குலத் திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள் இருப்பின் ஓரங்குலத்துக்கு ஏறத்தாழ 92 புள்ளி. அதே புள்ளிகள் 27 அங்குலத்திற் பரந்தால் 82 புள்ளியே. ணகர னகரங்களின் சுழியையும் மெய்யெழுத்தின் புள்ளியையும் நாளெல்லாம் நோக்குவோர்க்கு இவ்வேற்றுமை கண்ணில் உறுத்தும். ஆதலின் குறைந்த பொருளிற் பெரிய திரையை நாடாது, ஐ.பி.எஸ். வகை 24 அங்குலத்தைக் கொள்ளுதல் தக்கது.

பொருட் பங்கீடு

கைமுதலை நூறு பங்காக்கின், எம் அநுபவத்தில் ஒத்துவந்த பகுப்பு இது: செயலிக்கு 20, பலகைக்கு 14, நினைவகத்துக்கு 17, சேமிப்பகத்துக்கு 10, மின்வழங்கிக்கு 8, பெட்டிக்கு 5, திரைக்கு 14, விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் 3, யு.பி.எஸ்.க்கு 5, புறச் சேமிப்பகத்துக்கு 4. உபுண்டு, லிபரே ஆபீஸ் முதலியன விலையின்றிக் கிடைத்தலின் மென்பொருட்குப் பங்கு வைத்திலோம். விண்டோஸ் வேண்டுவோர் அதன் உரிமத் தொகையை முதலிலேயே கழித்துவிட்டு எஞ்சியதைப் பங்கிடுக.

விலையைக் கூறாது பங்கைக் கூறியதற்குக் காரணம் உண்டு. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் புகுந்தபொழுது உலகெங்கும் ஹார்டு டிஸ்க் விலை ஏறிற்று. 2021-இல் படவட்டைகள் கிடைத்தற்கரியவாயின. 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கூடங்கள் நினைவகத்தை மிகுதியாக வாங்கியமையால் அதன் விலை பெரிதும் உயர்ந்தது. இவ்வாறு ஒன்றன் விலை ஏறுங்கால் எதனைக் குறைப்பது? பின்னாளிற் சேர்த்துக்கொள்ளத் தக்கதைக் குறைக்கலாம்; நினைவகமும் சேமிப்பகமும் அத்தன்மையன. பலகையையும் மின்வழங்கியையும் குறைத்தலாகாது.

பொருள் இன்னுஞ் சுருங்கியவர் அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட பழைய பொறிகளை நாடலாம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் காப்புறுப்பையும், பெரும்பான்மையும் இன்டெல் எட்டாந் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் வேண்டும். அவை இல்லாத பொறியை லினக்ஸுக்கு மட்டுமே வாங்குக. பழையதை வாங்கினும் சேமிப்பகத்தைப் புதிதாகவே இடுக. எதனை வாங்கினும் ரசீதும் உறுதிச்சீட்டும் பெற்றுப் பெட்டியோடு வைத்துக்கொள்க.

முடிவுரை

மேற்கூறிய மாணவர் ஆய்வேட்டை மீண்டும் எழுதி முடித்தார். வேலையில் அமர்ந்த பின்னரே அவ்வளையல்களை மீட்டார். சென்ற ஆண்டு தம் தங்கையின் படிப்புக்குக் கணிப்பொறி வாங்க வேண்டி மறுபடியும் எம்மிடம் வந்தார். யாம் பட்டியல் எழுதத் தொடங்குமுன், "ஐயா, முதல் வரியை நானே எழுதுகிறேன்" என்று கூறித் தாளை வாங்கினார். அவர் எழுதியது புறச் சேமிப்பகம், அடுத்து மின்வழங்கி. செயலி ஐந்தாம் வரியில் வந்தது.

அவ்வரிசையில் திருத்துதற்கு எமக்கு ஒன்றுமில்லை. நண்பர்காள், பொறியின் விரைவு சில ஆண்டிற் பழமையாகிவிடும். அதனுள் நாம் இட்டு வைக்கும் உழைப்போ மீளப் பெறுதற்கரியது. அவ்வுழைப்பைக் காக்கும் உறுப்புக்கு முதலிற் பொருள் ஒதுக்குக. எஞ்சியதைக்கொண்டு விரைவை வாங்குக.